ஒரே கல்லில் இரண்டு பட்டம்: அமெரிக்கக் கூட்டு முதுநிலைப் படிப்புகள் எந்த அளவுக்குத் தேறும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதை எடுத்தாலும் அதன் முதுநிலைப் படிப்புகளின் பக்கத்தில் ‘டூயல் டிகிரி’, ‘ஜாயின்ட் டிகிரி’, ‘4+1’, ‘இன்டர்டிசிப்ளினரி’ என்று ஒரு வரிசை இருக்கும். சட்டத்தோடு எம்பிஏ, சமூகப்பணியோடு பொதுச் சுகாதாரம், மருத்துவத்தோடு பிஎச்டி என்று ஜோடி ஜோடியாகப் பெயர்கள். பார்த்த மாத்திரத்தில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தோன்றும். மாங்காய் உண்மையிலேயே விழுமா என்பதற்கான பதில் அந்தப் பக்கத்தில் இருப்பது அபூர்வம். அது கேட்லாக் என்னும் விதித்தொகுப்பில் ஒரு வரியாக இருக்கும்: எத்தனை கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு) இரண்டு பட்டத்துக்கும் பொதுவாக எண்ணப்படும் என்ற வரி. படிப்பின் விலையும் காலமும் அந்த வரியைப் பொறுத்தவை. கீழே ஒவ்வொரு வகையையும் அந்த அளவுகோலை வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம். பொதுவாக, இரண்டு பிரிவுகள் சேர்ந்து ஒரே சான்றிதழ் கொடுத்தால் ஜாயின்ட், இரண்டு சான்றிதழ் கொடுத்தால் டூயல். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போடுகின்றன. பெயரைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். எத்தனை சான்றிதழ் கைக்கு வரும், இரண்டும் ஒரே நாளில் வருமா என்று நேரடியாகக் கேளுங்கள்.

சட்டமும் எம்பிஏவும்

அதிகம் பேசப்படும் ஜோடி இதுதான். தனித்தனியே படித்தால் ஜேடி என்னும் சட்டப் பட்டத்துக்கு 3, எம்பிஏவுக்கு 2, ஆக 5 ஆண்டு. சேர்த்துப் படித்தால் பெரும்பாலான இடங்களில் 4. நார்த்வெஸ்டர்ன், யேல், பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் 3 ஆண்டிலேயே முடிக்கும் திட்டமும் இருக்கிறது.

மிச்சம் எப்படி வருகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஜேடிக்கு 86 கிரெடிட், எம்பிஏவுக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 146. சட்டப் பள்ளி 12 எம்பிஏ கிரெடிட்டை ஏற்கிறது, மேலாண்மைப் பள்ளி 12 சட்டக் கிரெடிட்டை ஏற்கிறது என்றால் சட்டத்தில் 74, மேலாண்மையில் 48 படித்தால் போதும். 146 இருந்த இடத்தில் 122. மிச்சம் 24. அதே திட்டத்தில் ஒரு பள்ளி மட்டும் ஏற்று மற்றது ஏற்காவிட்டால் மிச்சம் வெறும் 12, அதாவது ஒரு செமஸ்டர். ‘12 கிரெடிட் பகிர்வு’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒருவழிப் பகிர்வா, இருவழிப் பகிர்வா என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். ஒரு செமஸ்டர் கட்டணத்தின் வித்தியாசம் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

சட்டப் பள்ளிகள் ஏன் 12க்கும் 15க்கும் மேல் தாராளம் காட்டுவதில்லை? மனமில்லாமல் அல்ல. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகார விதிப்படி ஜேடிக்குக் குறைந்தது 83 கிரெடிட் வேண்டும். அதில் 64 கிரெடிட் முறையான வகுப்பு, ஆசிரியரின் நேரடிப் போதனை என்ற கணக்கில் வர வேண்டும். மிஞ்சுவது 19. பல்கலைக்கழகத்தின் வேறு துறையில் எடுக்கும் பாடம் அந்த 19க்குள்தான் அடங்கும். சட்ட இதழ்ப் பணி, மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றப் போட்டி, வெளி அலுவலகத்தில் செய்யும் எக்ஸ்டர்ன்ஷிப் எல்லாவற்றுக்கும் அதே பைதான். 83 கிரெடிட் கேட்கும் பள்ளியில் 12 எம்பிஏ கிரெடிட்டை அதில் போட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 7 மட்டுமே மிஞ்சும். நீதிபதியின் அலுவலகத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க எக்ஸ்டர்ன்ஷிப் செய்யும் எண்ணம் உள்ளவருக்கு இங்கே இடிக்கும். முதலாண்டிலேயே தாளில் எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கு இது. மூன்றாம் ஆண்டில் கண்டுபிடித்தால் சரிசெய்ய இடமிருக்காது.

இன்னொரு விதி, எந்தப் பள்ளியில் முதலில் சேர்வது என்பதைப் பற்றியது. சட்டப் பள்ளியில் சேர்வதற்கு முன் படித்த எம்பிஏ பாடத்தை ஜேடி கணக்கில் சேர்க்க முடியாது. எம்பிஏ முதலாண்டை முடித்துவிட்டு, பிறகு சட்டத்தில் இடம் வாங்கி, ‘ஏற்கெனவே படித்ததை எண்ணிக்கொள்ளுங்கள்’ என்று கேட்பவர்களுக்கு மறுப்புதான் பதில். சட்டத்தில் சேர்ந்தபின் எடுக்கும் எம்பிஏ பாடங்களே எண்ணிக்கைக்கு வரும். ஜேடியை 24 மாதத்துக்குக் குறையாமலும் 84 மாதத்துக்கு மிகாமலும் முடிக்க வேண்டும் என்ற வரம்பும் இருக்கிறது. நடுவில் வேலைக்குப் போய்த் திரும்பலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

3 ஆண்டுத் திட்டத்தில் ஓராண்டுக் கட்டணம் மிச்சம் என்பது உண்மை. அதற்கு ஈடாக, முதலாண்டு முடிந்த கோடையில் இன்டர்ன்ஷிப்புக்குப் போகாமல் வகுப்பில் உட்கார வேண்டிவரும். எந்தத் தொழிலுக்குப் போகிறோம் என்று ஏற்கெனவே முடிவெடுத்தவருக்கு 3 ஆண்டு நல்ல தேர்வு. சட்ட நிறுவனமா, முதலீட்டு வங்கியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர் 4 ஆண்டுத் திட்டத்துக்குப் போவதே மேல். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கோடை வேலை பார்த்துச் சோதித்துக்கொள்ள அதில்தான் நேரம் கிடைக்கும்.

சமூகப்பணியும் பொதுச் சுகாதாரமும்

இந்த ஜோடி வெளியே அதிகம் தெரியாது. நன்றாகத் திட்டமிட்டால் கொடுத்த பணத்துக்கு நியாயம் செய்யும் கூட்டுகளில் இதுவும் ஒன்று. ஆனால் கிரெடிட்டை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் இங்கே கழுத்தைப் பிடிப்பது களப்பணி நேரம். சமூகப்பணி முதுநிலைக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு குறைந்தது 900 மணி நேரக் களப்பணி கேட்கிறது. இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 30 வாரம் என்றால் வாரத்துக்கு 15 மணி நேரம். 16 மணி நேரம் என்று வைத்தால் இரண்டு முழு வேலைநாள் போய்விடும். எந்தக் கூட்டு ஒப்பந்தமும் இந்த 900ஐக் குறைக்காது.

பொதுச் சுகாதார முதுநிலைக்கு அங்கீகார அமைப்பு 42 கிரெடிட்டைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. அதிலும் களப் பயிற்சி உண்டு, ஆனால் அங்கே மணிக் கணக்கு இல்லை. மாணவர் குறைந்தது 5 திறன்களைக் காட்ட வேண்டும், பயிற்சி இடத்துக்குப் பயன்படும்படி குறைந்தது 2 ஆக்கங்களைச் செய்து கொடுக்க வேண்டும். ஒரு கணக்கெடுப்பு அறிக்கை, ஒரு பயிற்சிக் கையேடு, இப்படி ஏதாவது. வாய்ப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு மருத்துவமனையிலோ மாவட்டச் சுகாதார அலுவலகத்திலோ சமூகப்பணி மணி நேரத்தைச் செய்துகொண்டே, அதே இடத்தில் அந்த இரண்டு ஆக்கங்களையும் தயாரித்துவிடலாம். இரண்டு பள்ளியின் களப்பணிப் பொறுப்பாளர்களும் பணியிடம் ஒதுக்குவதற்கு முன்பே இதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். ஒதுக்கீடு முடிந்தபின் கேட்டால், மேற்பார்வையாளரிடம் சமூகப்பணி முதுநிலைப் பட்டம் இல்லை, வேலை திறன் பட்டியலோடு பொருந்தவில்லை என்று ஏதாவது ஒன்றில் சிக்கிக்கொள்ளும். பிறகு இரண்டு இடங்களுக்கு அலைவதுதான் நடக்கும்.

4+1: இளநிலையோடு ஒட்டிய முதுநிலை

கூட்டுப் படிப்புகளில் ஆபத்து மிகக் குறைவானது இது. இளநிலைக்கு 120, முதுநிலைக்கு 30, மொத்தம் 150. அதில் 9 முதல் 12 கிரெடிட் வரை இரண்டுக்கும் எண்ணப்படுவது வழக்கம். 5 ஆண்டில் இரண்டு பட்டம். முதுநிலையில் பாதியிலேயே நின்றாலும் அந்தக் கிரெடிட் இளநிலைக் கணக்கில் பத்திரமாக இருக்கும். இந்தப் பாதுகாப்பு சட்டம்–எம்பிஏ ஜோடியில் கிடையாது. அங்கே ஒரு பக்கத்தை விட்டால் மறுபக்கம் ‘உன் முழு 86ஐயும் இங்கேயே முடி’ என்று சொல்லிவிடும்.

4+1 என்று எங்கும் ஒரே பொருளும் இல்லை. ஸ்டான்ஃபோர்டின் கோடெர்ம் திட்டத்தில் இளநிலைக்கு 180 யூனிட், முதுநிலைக்கு 45 யூனிட். ஒரு யூனிட்கூட இரண்டு பக்கமும் எண்ணப்படாது, மொத்தம் 225ஐயும் முடித்தாக வேண்டும். அங்கே கிடைக்கும் லாபம் வேறு: தனியாக வெளியிலிருந்து விண்ணப்பித்து மோத வேண்டியதில்லை, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே காலத்தில் படிக்கலாம். கிரெடிட் மிச்சத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அது பொருந்தாது.

இந்த வகையில் திரும்பத் திரும்பத் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. 4+1இல் முறைப்படி சேர்க்கை வாங்குவதற்கு முன்பே முதுநிலைப் பாடத்தை எடுத்துவிடுவார்கள், அது எண்ணப்படாது. ஒரே பாடத்துக்கு இளநிலை எண், முதுநிலை எண் என்று இரண்டு எண் இருக்கும். பதிவு செய்யும்போது இளநிலை எண்ணை அழுத்திவிடுவார்கள். வகுப்பறை ஒன்று, பேராசிரியர் ஒருவர், தேர்வும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் டிரான்ஸ்கிரிப்ட்டில் விழும் எண் மட்டும் வேறு. முதுநிலை அலுவலகம் பார்ப்பது அந்த எண்ணைத்தான். பதிவு மாற்றும் கெடு முடிவதற்குள் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது, மதிப்பெண். இளநிலைக்கு ‘சி’ வாங்கினாலும் தேறிவிடலாம். முதுநிலைக்கு எண்ண ‘பி’ கேட்பார்கள். இளநிலையில் எண்ணப்பட்ட கிரெடிட்டை வேறொரு பல்கலைக்கழகத்தின் முதுநிலை பொதுவாக ஏற்காது. ஆகவே 4+1இல் கால்வைப்பது என்றால் அதே வளாகத்தில் இன்னும் ஓராண்டு என்று முடிவெடுப்பதுதான்.

எம்டி–பிஎச்டியும் துறை கடந்த பிஎச்டியும்

மருத்துவ விஞ்ஞானிகளை உருவாக்க அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் 1964இல் தொடங்கிய நிதித்திட்டத்தின் வழியில் வந்தது எம்டி–பிஎச்டி (இங்கே எம்டி என்பது அமெரிக்காவின் முதல் மருத்துவப் பட்டம்). இரண்டு ஆண்டு மருத்துவப் பாடம், மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆய்வகம், பிறகு இரண்டு ஆண்டு மருத்துவமனை. மொத்தம் 7 முதல் 9 ஆண்டு. பெரும்பாலான இடங்களில் டியூஷன் கட்டணமும் கிடையாது, மாத உதவித்தொகையும் வரும் என்பதால் பணக் கணக்கில் இதற்கு ஈடில்லை. ஆனால் கூட்டாட்சி அரசின் பயிற்சி நிதி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டு மாணவருக்கான செலவைத் தாமே ஏற்று இடம் தரும் பள்ளிகள் குறைவு, அவற்றை முதலில் வடிகட்டிவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். படிப்பின் கடினமான பகுதி ஆய்வகத்திலிருந்து வார்டுக்குத் திரும்பும் மாதங்கள். நான்கு ஆண்டு எலியும் செல்லுமாக இருந்தவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுத்தால் விரலே மறந்திருக்கும். பிஎச்டி ஆண்டுகளிலும் வாரம் ஒரு நாளோ மாதம் சில நாளோ நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கும் திட்டத்துக்கே எங்கள் ஓட்டு.

துறை கடந்த பிஎச்டி இன்னும் நுட்பமான விஷயம். கணினியியலையும் மொழியியலையும், சூழலியலையும் பொருளாதாரத்தையும் இணைத்து மாணவரே பாடத்திட்டம் வகுக்கலாம், இரண்டு மூன்று துறைப் பேராசிரியர்கள் குழுவாக இருப்பார்கள். சுதந்திரம் ஏராளம். பிரச்சினை, சம்பளம் எந்தத் துறையிலிருந்து வரும் என்பதில். வகுப்பெடுக்க உதவுவதற்குத் தரும் டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப் துறையின் பணம். துறை தன் சொந்த மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியிருந்தால்தான் அடுத்தவரைப் பார்க்கும். துறை இல்லாத மாணவருக்கு முதலாண்டு ஃபெலோஷிப் முடிந்ததும் கையில் எதுவும் இல்லாமல் போகலாம். சேர்க்கைக் கடிதத்தில் எத்தனை ஆண்டுக்கு, எந்த அலுவலகத்தின் கணக்கிலிருந்து ஸ்டைபண்ட் (உதவித்தொகை) என்று இருந்தால் நம்பலாம். ‘நிதி கிடைக்க முயற்சி செய்யப்படும்’ என்றிருந்தால் அது நிதி இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஆய்வேட்டுக்குப் போகும் முன் தேற வேண்டிய குவாலிஃபையிங் தேர்வு. ஒவ்வொரு துறையும் தன் தேர்வையே எழுதச் சொன்னால் இரண்டு வாசிப்புப் பட்டியல், இரண்டு தேர்வு. ஓராண்டு கூடுதலாகும். ஒரே கலப்புத் தேர்வு போதும் என்று குழு கையெழுத்திட்ட தாள் வேண்டும், ஏனெனில் குழுவில் ஒரு பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் வாய்மொழி ஒப்பந்தமும் அவரோடு போய்விடும். படித்து முடித்தபின் பேராசிரியர் வேலைக்கு ஆள் எடுப்பதும் துறைகள்தான். ஆசிரியப் பணியை நோக்கிப் போகிறவருக்கு எங்கள் பரிந்துரை, ஒரு துறையில் வழக்கமான பிஎச்டியில் சேர்ந்துகொண்டு இரண்டாவது துறையை மைனராகவோ, பெர்க்லி போன்ற இடங்களில் உள்ள ‘டெசிக்னேட்டட் எம்ஃபசிஸ்’ (துணைச் சிறப்புப் பிரிவு) போலவோ சேர்த்துக்கொள்வது. ஆய்வு அதே அளவுக்குக் கலந்திருக்கும், ஸ்டைபண்டுக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் ஒரு வீடு இருக்கும்.

வளாகத்துக்கு வராமல்

ஜார்ஜியா டெக் 2014இல் தொடங்கிய இணையவழிக் கணினியியல் முதுநிலை இந்த வகையின் முன்னோடி. 10 பாடம், 30 கிரெடிட், முழுப் படிப்புக்கும் பத்தாயிரம் டாலருக்குள். சான்றிதழில் இணையவழி என்ற சொல் இருக்காது. உள்ளே நுழைவது மற்ற இடங்களைவிட எளிது, நிலைப்பது எளிதல்ல. முதல் 12 மாதத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் ‘பி’யாவது வாங்க வேண்டும். முழுநேர வேலையோடு ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று போனால் கோடையையும் சேர்த்து மூன்று ஆண்டுக்குமேல் பிடிக்கும். இரண்டிரண்டாக ஆரம்பிப்பவர்களில் பலர் ஒன்றைப் பாதியில் விட வேண்டிவருகிறது.

எம்ஐடியின் மைக்ரோமாஸ்டர்ஸ் வேறு மாதிரி. சப்ளை செயின் பாடங்களை இணையத்தில் படித்து முடித்து, இறுதித் தேர்வில் தேறி, பிறகு சேர்க்கையும் கிடைத்தால் வளாகத்தில் ஒரு செமஸ்டர் மட்டும் படித்து முதுநிலை வாங்கலாம். சேர்க்கை கிடைக்காவிட்டால் சான்றிதழோடு நிற்கும். படிப்படியாக அடுக்கும் ‘கிராஜுவேட் சர்டிஃபிகேட்’களுக்கும் இதே எச்சரிக்கைதான். 12 கிரெடிட் சான்றிதழ் தானாக 30 கிரெடிட் முதுநிலையாக வளராது. தனி விண்ணப்பம், தனிச் சேர்க்கை. கிரெடிட்டுக்கு ஆயுளும் உண்டு, பெரும்பாலும் 5 முதல் 7 ஆண்டு.

எழுத்தாளர்களுக்கான லோ-ரெசிடென்சி எம்எஃப்ஏ (நுண்கலை முதுநிலை) 1976இல் காடர்ட் கல்லூரியில் தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டு முறை பத்து நாள் வளாகத்தில் இருப்பது, மற்ற மாதங்களில் எழுதியதைக் கட்டாக ஆசிரியருக்கு அனுப்பி விரிவான பதில் வாங்குவது என்பது முறை. அந்தப் பதில் கடிதங்களின் தரம்தான் இந்தப் படிப்பின் தரம். ஓர் ஆசிரியருக்கு ஒரு செமஸ்டரில் எத்தனை மாணவர் என்று கேளுங்கள். ஐந்து என்றால் படித்துப் பார்த்து எழுதுவார். பத்துக்குமேல் போனால் அந்த அக்கறையை எதிர்பார்க்க முடியாது. காடர்ட் 2024இல் மூடப்பட்டது. சிறு கல்லூரியில் சேரும்போது அதன் நிதி நிலையையும் அங்கீகார நிலையையும் பார்த்துவிடுவது நல்லது.

கட்டணமும் விசாவும்

இரண்டு பள்ளிக்கும் கட்டணம் வேறு வேறாக இருக்கும்போது, ஒவ்வொரு செமஸ்டரிலும் எது ‘ஹோம் ஸ்கூல்’ (அப்போது மாணவர் பதிவாகியிருக்கும் பள்ளி) என்பதை வைத்துத்தான் பில் வரும். சட்டப் பள்ளியின் ஸ்காலர்ஷிப், எம்பிஏ கட்டணம் கட்டும் செமஸ்டரில் பெரும்பாலும் வேலை செய்யாது. கூட்டாட்சி அரசிடம் கடன் வாங்கிப் படிக்கும் அமெரிக்கர்களுக்கு 2026 ஜூலை 1 முதல் புது வரம்பு: புதிதாகக் கடன் வாங்குவோருக்குச் சட்டம், மருத்துவம் போன்ற தொழில்முறைப் பட்டங்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000, மற்ற முதுநிலைக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 100,000. கூட்டுப் படிப்பில் எந்த ஆண்டு எந்த வகையில் விழும் என்பதை நிதியுதவி அலுவலகத்திடமே எழுதி வாங்க வேண்டும்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் பாதி கதவு மூடியிருக்கும். முழுக்க இணையவழிப் படிப்புக்கு, விசாவுக்காகப் பள்ளி தரும் ஐ-20 சான்று கிடையாது. முழுநேரச் சுமைக்கு ஒரு செமஸ்டரில் ஓர் இணையவழிப் பாடம், அதாவது 3 கிரெடிட் மட்டுமே எண்ணப்படும். பகுதிநேரமாகவும் படிக்க முடியாது. படிப்புக்குப் பின் வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடி 12 மாதம், ஒரு பட்ட நிலைக்கு ஒரு முறைதான். ஆகவே இரண்டு முதுநிலை வாங்கினாலும் 24 மாதம் ஆகாது. 4+1இல் இளநிலை முடிந்ததும் நேராக முதுநிலைக்குப் போய்விட்டால் இளநிலைக்குரிய ஓபிடியும் கைவிட்டுப் போகும். படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக வேலை செய்ய அனுமதிக்கும் சிபிடி, முழுநேரமாக 12 மாதம் ஆகிவிட்டால் அந்த நிலைக்கு ஓபிடியே இல்லை. இன்டர்ன்ஷிப் அதிகமுள்ள கூட்டுப் படிப்புகளில் நாளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குரிய 24 மாத ஓபிடி நீட்டிப்பை முந்தைய பட்டத்தை வைத்தும் கேட்கலாம். அந்தப் பட்டம் அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் பள்ளியில் வாங்கியதாகவும் 10 ஆண்டுக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும், வேலையும் அந்தப் படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். பொறியியல் முதுநிலையோடு எம்பிஏ சேர்க்கும் ஜோடியில் எந்தப் பட்டத்தின் பெயர் ஐ-20இல் ஏறுகிறது என்பது ஆகவே முக்கியம். சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே, இரண்டு பள்ளியின் அட்வைசரையும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசா ஆவணங்களைக் கவனிக்கும் டிஎஸ்ஓவையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து, முதல் செமஸ்டரிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றிலும் எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், எது ஹோம் ஸ்கூல் என்று அட்டவணை போட்டு அனுப்புங்கள். மூவரும் சரி என்று பதில் போட்ட பிறகு சேர்க்கை முன்பணத்தைக் கட்டலாம்.